அழகம்மாளுக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை நான் யோசித்தது அல்ல, சாயாக்கடையில் கிடைத்தது. என் சிநேகிதி ஸுப்ரியா கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் ஏற்பாடுகளைக் கவனிப்பவள். அறுவை டாக்டர், மருந்து டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் மூவரையும் ஒரே அறையில் கூட்டி, நோயாளிக்கு ஒரே முடிவாகச் சொல்லவைக்க முயன்ற முதல் நாளைச் சொல்லத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குச் சாயா புரையேறியது. முடிவைக் கேட்பதற்குள் படகு வந்துவிட்டது, அவள் ஓடி ஏறிக்கொண்டாள்.

“எழுதட்டுமா?” என்று கத்தினேன்.

“எழுதிக்கோ. ஆனா யாரையும் சாகடிக்கப்படாது! கேன்சர் கதைன்னா ஒருத்தர் போயே ஆகணும்னு உங்களுக்கெல்லாம் என்னவோ ஒரு நிர்பந்தம்.”

வாக்குக் கொடுத்துவிட்டேன்.

2

மட்டாஞ்சேரியின் மீது மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில், ஸுப்ரியாவின் மனத்திலும்… [வேண்டாம். கொச்சி என்றதும் மழையைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.]

நல்ல வெயில். குதித்தோடும் தவளைகளைத் தராசில் நிறுத்திவிட்ட பெருமிதத்தில் ஸுப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கலூரிலிருந்து கதிர்வீச்சு டாக்டர் நிகில் வந்துவிட்டார். திருப்பூணித்துறையிலிருந்து மருந்து டாக்டர் மஞ்சுஷா வந்துவிட்டார். ஆப்பரேஷன் தியேட்டரை விட்டு டாக்டர் ராமபத்ரனே இறங்கி வந்துவிட்டார். சின்ன அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். மின்விசிறிகூடச் சுற்றியது.

முதல் நோயாளி அழகம்மாள், கார்ப்பரேஷனில் தெரு பெருக்குபவள். வலது மார்பில் கட்டி. முதலில் ஆப்பரேஷன் என்றார் ராமபத்ரன். முதலில் மருந்து, கட்டி சுருங்கட்டும் என்றார் மஞ்சுஷா. இருவரும் நிகிலைப் பார்த்தார்கள். நிகில் மின்விசிறியைப் பார்த்தார். இத்தனை நாள் ஆளுக்கோர் அறையில் சொன்னதை இன்று ஒரே அறையில், இங்கிலீஷில் சொன்னார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

அழகம்மாள் நின்றபடி எல்லாருக்கும் தலையாட்டினாள். முன்பு வெளியே காத்திருந்தபோது அவள் ஸுப்ரியாவிடம் கேட்டது வேறு: “கட்டிய எடுத்துக்கட்டும் மோளே. மாருல கத்தி வெச்சா கை வீங்கிடுமாமே. இந்தக் கை வீங்கிப்போனா தொடப்பத்த எப்படிப் பிடிக்க?” அந்தக் கேள்வி உள்ளே வரவே இல்லை.

3

இந்த இடத்தில் அழகம்மாள், “நிற்கிறவளுக்குத் தலையாட்டத்தான் வரும், உட்கார்ந்தால்தான் கேள்வி வரும்” என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது அவள் பேச்சில்லை, என் பீற்றல். அவள் சொன்னது இதுதான்:

“மோளே, நின்னு நின்னு காலு கடையுது.”

ஸுப்ரியா அப்போதுதான் நாற்காலிகளைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

[சிரிக்காதீர்கள். இரண்டாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள். நானும் மூன்றுதான் போட்டேன். நீங்களும் வாய் திறக்கவில்லை.]

4

ஸுப்ரியா வெளியே ஓடினாள். கூடத்தில் இருந்ததெல்லாம் மூன்று இருக்கைகள் ஒட்டிய இரும்பு பெஞ்சுகள். தரையோடு திருகாணி போட்டு இறுக்காத ஒன்றைக் கரகரவென்று இழுத்துவந்து வாசலில் நுழைத்தாள். அது பாதியில் சிக்கியது.

“டாக்டர், கொஞ்சம் பிடிங்கோளேன்!”

ராமபத்ரன் எழுந்தார். மஞ்சுஷா எழுந்தார். நிகில் மின்விசிறியை விட்டுவிட்டு எழுந்தார். மூவரும் முதல் முறையாக ஒரே பக்கம் இழுத்தார்கள். பெஞ்சு பாய்ந்து உள்ளே போய், குறுக்கே திரும்பி, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் வாசலை அடைத்துக்கொண்டு இறுகிவிட்டது. மூச்சு வாங்க மூவரும் அதிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்கள். ஸுப்ரியா வெளியே மாட்டிக்கொண்டாள்.

எட்டிப் பார்த்தாள். நோயாளிகளைப் போல வரிசையாக மூன்று டாக்டர்கள். எதிரே, ராமபத்ரனின் நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு அழகம்மாள்.

“சாரே,” என்றாள். “ஒராளு கத்திங்கிறீங்க, ஒராளு மருந்துங்கிறீங்க. எனக்கு இந்தக் கை வேணும். எது முன்னாடி செஞ்சா கை நிக்கும்? மூணு பேரும் சேந்து ஒண்ணு சொல்லுங்க. எனக்கு மனசிலாகிற மாதிரி.”

5

முடிவு அ: மூவரும் கண்கலங்கி… [சீச்சீ.]

முடிவு ஆ: ராமபத்ரன், “மருந்தே முதலில்” என்று… [எனக்கு என்ன தெரியும்? நான் டாக்டரா?]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூன்று தலைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிட்டன. மஞ்சுஷா தன் கையைத் தூக்கி, பெருக்குவதுபோல வீசிக் காட்டி, மற்ற இருவரிடமும் ஏதோ கேட்கிறார். நிகில் பேசவே தொடங்கிவிட்டார். வாசலில் ஸுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அழவும் செய்கிறாள்.

நீங்களும் வெளியேதான், அவள் பக்கத்தில் நிற்கிறீர்கள். சற்று நேரத்தில் ராமபத்ரன் திரும்பி, “யாராவது இந்த பெஞ்சை இழுங்கள், எனக்கு வேலை இருக்கிறது” என்பார். உங்களைத்தான் சொல்வார்.

அழகம்மாள் தலையாட்டுகிறாளா, பேசுகிறாளா என்று முதலில் பாருங்கள். வெறுமனே தலையாட்டினால் இழுக்காதீர்கள்.