அக்காவுக்குப் பிடிக்காத தாளம்

அந்த லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஒரே பெண்ணுக்குச் சுத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். கையில் சுத்தியல் வைத்திருந்ததால் வந்த பெயர் இல்லை. கட்டடங்களின் உச்சியில் மோட்டார் ஓடுகிற சின்ன அறையில் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடும்போது அவள் போனில் போடுகிற பாட்டைக் கேட்டு வைத்த பெயர். "பாட்டா இது? தலைக்குள்ள யாரோ உக்காந்துக்கிட்டு சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்கு" என்று கூட வேலை பார்த்த ஒருவன் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டெக்னோ என்கிற அந்த அடி இசைமேல் பைத்தியம் பிடித்தவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை அவளே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

அவள் பிழைக்க வந்த நகரம் கடலை ஒட்டியது. அங்கே எல்லோருக்கும் டிரான்ஸ்தான் உயிர். மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, இதோ வந்துவிடும் இதோ வந்துவிடும் என்று நெஞ்சைத் தூக்கிப் பிடித்து வைத்திருந்து, கடைசியில் ஒரு பெரிய மெட்டில் ஆளையே கரைத்துவிடுகிற இசை. அந்த இடம் வந்ததும் கூட்டம் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கும். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சுத்திக்கு அது ஒத்துவரவே இல்லை. "தட்டு முன்னாடி உக்கார வச்சு, சோறு வருது வருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு" என்பாள். அவளுக்கு முதல் அடியிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும். மெட்டு வேண்டாம், ஏக்கம் வேண்டாம். ஒரே அடி, மாறாத அடி. அதற்கு நடுவில் இரும்பு உரசுவது போல ஒரு சின்னச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டிருந்தால் போதும், அவளுக்கு மயிர்க்கால்கள் எல்லாம் குத்திட்டு நிற்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கிடங்கு ஒன்றை நடனக்கூடமாக மாற்றியிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் அங்கே ஆட்டம். அதை நடத்தியவர் வெயிலோ நிழலோ தலையிலிருந்து தொப்பியைக் கழற்றாதவர் என்பதால் ஊரே அவரைத் தொப்பி என்றது. அவர்தான் சுத்திக்கு இடம் கொடுத்தவர். இடம் என்றால் முதல் இடம். ஆட்கள் இன்னும் வெளியே வண்டி நிறுத்திக்கொண்டிருப்பார்கள், உள்ளே ஒருத்தர் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார், அப்போது அவள் பாட்டுப் போடுவாள். கூட்டம் சேர்ந்ததும் இறக்கிவிடுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வருவாள்.

தொப்பி கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "வளந்த ஊர்தான் காதைத் தீர்மானிக்குது. கடலப் பாத்து வளந்தவன் அலை மாதிரி ஏறி இறங்குறதத்தான் கேப்பான். ஆலை ஊர்ல வளந்தவளுக்கு இடிச்சுக்கிட்டே இருக்கணும். நீ என்ன பண்ணுவ பாவம், உன் காது அப்பவே முடிவாயிடுச்சு." அந்தப் 'பாவம்' அவளுக்கு உறுத்தும். ஆனால் அவர் சொல்வதில் உண்மை இல்லை என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் தொப்பி அவளைக் கூப்பிட்டு, துறைமுகத் திடலில் பெரிய நிகழ்ச்சி ஒன்று நடத்தப்போவதாகச் சொன்னார். பகல் முழுக்க ஆட்டம். 'ஊரும் காதும்' என்று தலைப்பு. ஒவ்வொரு ஊரிலிருந்து வந்தவரும் அந்த ஊர்க் காதோடு பாட்டுப் போட வேண்டும்.

"உனக்கு சாயங்காலம், நல்ல கூட்டம் இருக்குற நேரம். வேலைக்குப் போடுற அந்த நீல ஓவராலயே போட்டுக்கிட்டு வா. உங்க ஊர் ஆலையில பிரஸ் அடிக்கிற சத்தத்தப் பதிவு பண்ணி எடுத்துட்டு வந்து அதுலயே ஆரம்பி. உங்க அப்பா கை அதுல மாட்டுன விஷயத்த நானே மைக்ல ரெண்டு வரி சொல்லிடுறேன்."

நல்ல கூட்டம் என்ற சொல்லுக்கு அப்புறம் வந்தது எதுவும் அவள் காதில் சரியாக ஏறவில்லை. தலைகால் புரியாமல் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அவள் ஊர் வீடு இரும்பு ஆலையின் மதிலை ஒட்டிய குடியிருப்பு வரிசையில் கடைசி வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்கும் பெரிய பிரஸ். அது இறங்கும்போதெல்லாம் தம்ளர் தண்ணீரில் வட்டம் விழும். அந்த வரிசையில் குடியிருந்தவர்கள் பேசுவதே தனி விதம். அடிக்கும் அடிக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் வார்த்தையைச் சொருகிவிட்டு, அடி விழும்போது வாயை மூடிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து, இவர்கள் எல்லோரும் யோசித்து யோசித்துப் பேசுகிறார்கள் என்று நினைப்பதுண்டு.

அந்த வீட்டில் இப்போது அப்பாவும் அக்காவும் இருந்தார்கள். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அவள் வேனில் காலையிலும் மாலையிலும் டிரான்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த வாலுப்பிள்ளையும் அவள் வேனில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடும் என்று தாய்மார்கள் அவளைக் கொண்டாடினார்கள். தங்கையின் பாட்டை அவள் ஒரு முறைதான் முழுதாகக் கேட்டிருக்கிறாள். "ஆலைக்கு ஓவர்டைம் பாக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை சுத்தி பின்னறைச் சுவரில் போனை ஒட்டிவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வேன் சாவியோடு உள்ளே வந்தாள். "என்னடி பண்ற? செவுத்துக்குக் காய்ச்சல் பாக்குறியா?"

சுத்தி விஷயத்தைச் சொன்னாள். ஓவரால் வரைக்கும் அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மைக்கில் ரெண்டு வரி என்றதும் முகம் மாறியது.

"அப்பா விரல் போனத நீ அவர்கிட்டச் சொன்னியா?"

"எப்பவோ டீ குடிக்கிறப்ப பேச்சுவாக்குல சொன்னேன்."

"ரெண்டு விரலுக்கு ரெண்டு வரியா?"

முன்னறையில் அப்பா செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. இடது கையில் எஞ்சியிருந்த மூன்று விரல்களால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் புரட்டுவார்.

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன்," என்று அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "ஊர்தான் காதைத் தீர்மானிக்குதுன்னா நான் யாரு? வேத்து ஊர்லயா வளந்தேன்? இதே செவுத்துல தலைய முட்டிக்கிட்டு ஒரே பாய்லதானே ரெண்டு பேரும் படுத்தோம்? எனக்கு ஏன் உன் பாட்ட கேட்டா ஓடிப்போகணும்னு தோணுது?"

"உனக்கு ரசனை இல்ல."

"அடிப்பேன். கேளுடி. சின்ன வயசுல இந்த அடி எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டே படுத்திருப்பேன். டிரான்ஸ்ல ஒரு இடத்துல அடி மொத்தமா நின்னுபோயி வெறும் மெட்டு மட்டும் மிதக்கும் பாரு, அந்த இடத்துக்காகத்தான் நான் மீதிய எல்லாம் பொறுத்துக்கிறேன். அது எனக்குக் கெடச்ச லீவு நாள் மாதிரி."

சுத்தி போனைச் சுவரிலிருந்து எடுத்தாள்.

"எனக்கு அந்த இடம் வந்தா வாசலுக்கு ஓடணும்னு தோணும்," என்றாள். "வேலை நாள்ல பிரஸ் நின்னா என்ன அர்த்தம்? தெருவுல எல்லாரும் வாசலுக்கு வந்து நின்னுடுவாங்க. இன்னிக்கு யாரு வீட்டு ஆளுக்கு அடிபட்டுச்சோன்னு பாத்துக்கிட்டு நிப்பாங்க. அப்பாவுக்கு விரல் போன அன்னிக்கு நம்ம வீடு. அடி விழுந்துக்கிட்டே இருந்தா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்க்கா. எனக்கு அது நிக்கக் கூடாது."

அக்காவுக்கு இது தெரியாது. தங்கைக்கும் அக்கா அந்த அமைதிக்காகக் காத்துக்கிடந்தது தெரியாது. இத்தனை வருஷம் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டிருந்ததில் இதைக் கேட்க நேரமே வாய்க்கவில்லை. மதிலுக்கு அப்பால் பிரஸ் இறங்கியது. இருவரும் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதிவு செய்ததை சுத்தி அப்போதே அழித்தாள். தொப்பிக்குப் போன் போட்டு, "ஓவரால் கிடையாது, கதை கிடையாது, பிரஸ் சத்தமும் கிடையாது. நான் வந்து பாட்டுப் போடுறேன், அவ்வளவுதான்" என்றாள். "வா, நேர்ல பாத்துக்கலாம்" என்று இழுத்தார் அவர். அந்த இழுப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேனுக்கு மாற்று ஓட்டுநரை வைத்துவிட்டு, கூடவே கிளம்பிவிட்டாள்.

நிகழ்ச்சி அன்று சுத்தி மஞ்சள் பூப்போட்ட சட்டையில் போய் நின்றாள். தொப்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அவள் ஏறியதும் அதில் கரும்புகை கக்குகிற புகைபோக்கி ஒன்று வந்தது. அது அவள் ஊர்ப் புகைபோக்கிகூட இல்லை. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட படம். தொப்பி மைக்கைப் பிடித்தார்.

"அடுத்து வர்றவங்க இயந்திரங்களுக்கு நடுவுல பிறந்து வளந்தவங்க. தாலாட்டுக்குப் பதிலா சம்மட்டி அடியக் கேட்டு வளந்தவங்க. இவங்க அப்பா அந்த இயந்திரத்துல தன்னோட..."

சுத்தி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

"போதும்ணா," என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "நான் ஆலை பக்கத்துலதான் வளந்தேன். இல்லன்னு சொல்லல. அதோ அங்க நிக்கிறது எங்க அக்கா. ஒரே வீடு, ஒரே செவுரு. அவளுக்கு நான் போடுறது சுத்தமா பிடிக்காது. எனக்கு பிடிக்கும். இதுல பாவப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆடுறவங்க ஆடுங்க, பிடிக்காதவங்க போய் ஏதாவது குடிச்சிட்டு வாங்க."

மைக்கை வைத்துவிட்டுப் போய்த் திரையின் மின்சார இணைப்பைப் பிடுங்கினாள். தினமும் லிஃப்ட் மின்பெட்டிகளுக்குள் கையை விடுகிறவளுக்கு எந்த ஒயர் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. புகைபோக்கி மறைந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அவள் முதல் அடியை இறக்கினாள்.

கொஞ்ச நேரத்திலேயே கூட்டத்தில் பாதி கலைந்து குளிர்பானக் கடைப் பக்கம் ஒதுங்கியது. மீதிப்பேர் எங்கே மெட்டு வரும் என்று காத்திருப்பவர்கள் போல அரைகுறையாக அசைந்தார்கள். மெட்டு வரவில்லை. அவள் தலையைத் தூக்கவே இல்லை. அடியை மாற்றாமல், மேலே உரசும் சத்தத்தை மட்டும் ஒரு மயிரிழை நகர்த்தினாள். பிறகு இன்னொரு மயிரிழை. காத்திருந்தவர்கள் காத்திருப்பதை விட்டார்கள். சட்டை நனைய முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் பிறந்ததிலிருந்து அந்தத் துறைமுகத்தைத் தாண்டி எங்கும் போகாத படகு ஓட்டி. கடலைப் பார்த்தே வளர்ந்தவர். அவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. தலையைக் குனிந்து, தரையோடு சண்டை போடுகிறவர் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார்.

தொப்பி மேடைப் படிக்கு வந்தார். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காதிலும் பஞ்சு.

"அம்மா, கொஞ்சம் வழி விடுங்க. கூட்டம் போகுது. மெட்டு எதாவது போடச் சொல்லணும், இல்லன்னா அடுத்த ஆள ஏத்தணும்."

அக்கா ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்தாள். "என்ன?"

அவர் மறுபடி சொன்னார்.

"எனக்கும்தான் பிடிக்கல," என்றாள் அக்கா. "நான் நிக்கல? அவ முடிக்கட்டும்." பஞ்சைத் திரும்பவும் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டால் அவளைத் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தொப்பி நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார்.

சுத்தி தன் நேரம் முடியும்வரை பாட்டுப் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தலை வலிக்குது," என்றாள் அக்கா. "சாப்பிடப் போலாம்."

அதன் பிறகு கிடங்கில் சுத்திக்கு முதல் இடம்கூட இல்லாமல் போயிற்று. "நீ என் மானத்த வாங்கிட்ட" என்று தொப்பி வருத்தமாகத்தான் சொன்னார். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வழக்கமாக லிஃப்ட் பார்க்கும் கட்டடம் ஒன்றில் தரைக்குக் கீழுள்ள தளத்தில் நாற்காலி மேசை விற்கும் கடை மூடிக்கிடந்தது. அதன் சொந்தக்காரரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கேயே ஆட்டம் தொடங்கினாள். படகு ஓட்டி முதல் ஆளாக வந்தார், கூடவே நாலு பேரை இழுத்துக்கொண்டு. யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை, சுவரொட்டியில் ஊர்ப்பெயர் போடுவதும் இல்லை என்று அவள் வைத்துக்கொண்டாள். "அப்புறம் ஜனங்க என்னத்தப் பாத்து வருவாங்க?" என்று தொப்பி போனில் கேட்டார். "பாட்டக் கேட்டுட்டு வரட்டும்ணா," என்றாள்.

மாதம் ஒருமுறை அக்கா வந்து கடைசி ஒரு மணி நேரம் டிரான்ஸ் போட்டாள். வேனில் போட்டுப் போட்டுப் பழகிய கை. எந்த இடத்தில் அடியை நிறுத்தினால் ஆள் மிதப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் நேரத்துக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. சுத்திக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த மாதம் தன் நேரத்தை இன்னும் கடுமையாக ஆக்கினாள். தாங்க முடியாத சிலர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் அவள் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது. போனாள், ஒருவரையும் பார்க்காமல்.

"ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு பண்ணுங்களேன்," என்று படகு ஓட்டி ஒருநாள் ஆசையாகக் கேட்டார். "கொஞ்சம் இது, கொஞ்சம் அது."

"முடியாது," என்றாள் சுத்தி.

"நடக்காது," என்றாள் அக்கா.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் அதற்குள் ஆளுக்கொரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு, யார் முதலில் லிஃப்டில் வைப்பது என்று சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.