மடித்து வைத்த ஏப்ரன்

விடிவதற்கு முன்பே மெஷினைத் தள்ளத் தொடங்கிவிட வேண்டும். பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வருவதற்குள், எழுந்து நடக்க முடியாதவர்களின் நெஞ்சுப் படமெல்லாம் கழுவிய ஈரம் காய்ந்து தயாராக இருக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். லிஃப்ட் எப்போதோ படுத்துவிட்டது. ஆகவே சக்கரம் வைத்த எக்ஸ்ரே மெஷின் சரிவுப் பாதை வழியே மாடி ஏறுவது இரண்டு பெண்களின் தோள்பலத்தில்தான். முன்னால் இழுப்பவள் டெக்னீஷியன். பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளுபவள் உதவியாள் உடும்பு.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். உட்கார முடியாத கிழவரோ, வலியில் முறுக்கிக்கொள்ளும் பெண்ணோ, அலறுகிற குழந்தையோ, அவள் ஒருமுறை பிடித்துவிட்டால் அசைவு நின்றுவிடும், படம் கலங்காது. அந்தப் பிடிக்குக் கிடைத்த பட்டம்தான் உடும்பு. "பட்டம் குடுத்தவங்க ஒரு பாராட்டு விழாவும் வெச்சிருக்கலாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்றும் முதல் கட்டிலில் ஒரு கிழவர். உடும்பு பிலிம் பெட்டியை அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கையால் தாங்கி, மறு கையால் அவரை அணைத்துத் தூக்கினாள். அவர் சட்டையின் வியர்வை அவள் கன்னத்தில் ஒட்டியது.

"மூச்சை இழுங்க பெரியவரே. அப்படியே நிறுத்துங்க. நான் பிடிச்சிருக்கேன், விழமாட்டீங்க."

டெக்னீஷியன் பட்டன் வயரை நீட்டிக்கொண்டு எட்டப் போய் நின்று அழுத்தினாள். இருவர் மேலும் ஈய ஏப்ரன் இருந்தது. கதிரைத் தடுக்க ரப்பருக்குள் ஈயம் வைத்துச் செய்த கனத்த அங்கி அது. எட்டி நிற்பவள் மேல் இருந்தது புதுசு. நோயாளியோடு ஒட்டி நிற்பவள் மேல் இருந்தது பழசு. படித்தவளுக்குப் புதுசு, பிடிப்பவளுக்குப் பழசு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களை எவனும் எழுதி வைப்பதில்லை, அது பாட்டுக்கு நடக்கும்.

திரும்பி இறங்கும்போது உடும்பு பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாந்தி வரவில்லை. வெறும் ஓங்கரிப்புதான்.

"என்னத்த தின்னு தொலைச்ச?" என்றாள் டெக்னீஷியன்.

"ஒண்ணுமே தின்ன முடியல மேடம். அதான் விஷயமே." வாயைத் துடைத்துக்கொண்டு, வெட்கமும் பயமுமாகச் சிரித்தாள். "கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துக்கு அப்புறம்... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சமையல்கட்டு அக்காவுக்குச் செஞ்ச மாதிரி என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." ஏப்ரன் மேலேயே வயிற்றில் கை வைத்தாள். "இது போட்டிருக்கேன்ல? புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

டெக்னீஷியன் அந்த ஏப்ரனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இவ்வளவு நாளில் அந்தப் பழைய ஏப்ரனை அவள் ஒரு பொருட்டாகப் பார்த்ததே இல்லை.

கீழே எக்ஸ்ரே அறைக்கு வந்ததும், தன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "உன்னோடதைக் கழட்டிக் குடு" என்றாள். மேசை மேல் நோயாளியைக் கிடத்துவதுபோல் அதைக் கிடத்தினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உடும்பையும் இழுத்துக்கொண்டு போய் நின்று படம் எடுத்தாள். இருட்டறையில் மருந்துத் தண்ணீரின் நெடி மூக்கைச் சுட்டது. சொட்டச் சொட்ட பிலிமைக் கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் மாட்டினாள்.

ஈயம் இருக்கிற இடமெல்லாம் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். வெள்ளையை அறுத்துக்கொண்டு கறுப்புக் கோடுகள் ஓடின. நெஞ்சில் ஒன்று, நடுவில் நெடுக ஒன்று, சரியாக அடிவயிற்றின் குறுக்கே ஒன்று. வெயிலில் வெடித்த வயல் மாதிரி இருந்தது.

உடும்பு கிட்டே போய் அந்தக் கோடுகளை விரலால் தடவினாள். அவள் முகம் செத்துப்போனது.

"மேடம், இது நான் மடிக்கிற மடிப்பு."

வேலை முடிந்ததும் தினமும் அதைத் துடைப்பாள். துவைத்த சேலையை மடிப்பதுபோல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நீவி, அலமாரியில் வைப்பாள். அந்தப் பிரிவிலேயே ஒழுங்கான ஆள் அவள்தான். அந்த ஒழுங்கே ஈயத்தை உடைத்திருந்தது. "பத்திரமா வெச்சிருக்கேன்னு நெனச்சேனே. நானே என் புள்ளைக்கு..." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஈய ஏப்ரனை மடிக்கக்கூடாது, தொங்கவிடத்தான் வேண்டும் என்பது டெக்னீஷியனுக்குப் படிக்கிற காலத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அவளுடைய புதுசு ஆணியில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் பிலிமோடு, ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்கும் செயலாளரின் அறைக்குப் போனார்கள். ஸ்டிரெச்சர் தள்ளுகிற மீசைக்காரரும், வார்டு சிஸ்டரும் விஷயம் கேள்விப்பட்டுப் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள்.

செயலாளர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது எந்த பேஷண்ட்?"

"பேஷண்ட் இல்ல சார். நாங்க போடுற ஏப்ரன்" என்றாள் டெக்னீஷியன்.

"ஓ. ஏன் இப்படி ஆச்சு?"

உடும்பு தலைகுனிந்து, "மடிச்சு வெச்சுட்டேன் சார்" என்றாள்.

"அப்படிச் சொல்லு!" பிலிமை மேசையில் போட்டார். "ஆஸ்பத்திரிப் பொருளை நாசம் பண்ணிட்டு, என்கிட்டயே கொண்டாந்து காட்டுறீங்க. நாம லாபத்துக்கா கடை நடத்துறோம்? ஜனங்களுக்குச் சேவைம்மா இது. அவங்களைப் பார்க்கிறதா, உங்களுக்குச் சட்டை தைக்கிறதா?"

தலைக்கு மேல் ஏசி முனகிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் தரையைப் பார்த்தாள். பேசாமலே வெளியே போய்விடலாம். மடித்தவள் ஒப்புக்கொண்டாயிற்று, தன் கையில் ஒட்டாது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"தப்பு அவளோடது இல்ல சார்" என்றாள். "சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறப்ப ஏப்ரன் மாட்டுற கொக்கியெல்லாம் நீங்க கழட்டச் சொன்னீங்க. திரும்பி மாட்டல. மிச்சம் ஒரே ஒரு ஆணி. அதுல என்னோடதை மாட்டிக்கிட்டேன். மடிச்சா உடையும்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லல. அவ முழுகாம இருக்கா சார். அந்தக் கிழிசலைப் போட்டுக்கிட்டு எனக்கு முன்னால நின்னுருக்கா."

உடும்பு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ரகசியம் உடைந்துவிட்டது.

"அப்ப சிக்கலே இல்ல" என்றார் செயலாளர். "வீட்ல இருக்கட்டும். பெத்துட்டு வரட்டும், பார்க்கலாம்."

வாசலிலிருந்து மீசைக்காரர் குரல் கொடுத்தார். "சமையல்கட்டு அம்மாவையும் பார்க்கலாம்னுதான் சார் அனுப்பினீங்க. அது புள்ள நடக்க ஆரம்பிச்சிடுச்சு. நீங்க இன்னும் பார்க்கல."

"நாளைக்குக் காலையில மெஷின் மாடிக்குப் போகணும். போகலைன்னா எல்லாருக்கும் வேற ஆள் இருக்கு." செயலாளர் போனை எடுத்துக்கொண்டார்.

மேசையில் கிடந்த பிலிமை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் உடும்பு டெக்னீஷியனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன் மேடம் சொன்னீங்க? என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே."

"சொல்லாம இருந்தா நாளைக்கும் நீதான பிடிப்ப. என் கண்ணு முன்னாலயே. இவ்வளவு நாள் குருடா இருந்தேன். மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா உன்னை அனுப்ப விடமாட்டேன்."

"நீங்க ஒருத்தர் விடமாட்டேன்னா நடந்துடுமா?"

"ஒருத்தர் என்ன கணக்கு?" என்றார் மீசைக்காரர். "நாங்க என்ன காத்தாட வந்தமா?"

வேலையை நிறுத்தலாம் என்றார் அவர். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுத் திணறிக் கிடப்பவர்களை வைத்துக்கொண்டு எப்படி நிறுத்துவது? அன்று மதியம் சமையல்கட்டுக்குப் பின்னால், கூட்டுகிறவர்களும் தள்ளுகிறவர்களும் சிஸ்டர்களுமாக நின்றுகொண்டே பேசினார்கள். கடைசியில் டெக்னீஷியன்தான் சொன்னாள். "மெஷின் மேல போகாது. கட்டில் கீழ வரட்டும். எக்ஸ்ரே அறையில கண்ணாடித் தடுப்பு இருக்கு, பட்டன் அழுத்துறவங்களுக்கு ஏப்ரன் வேண்டாம். நல்ல ஏப்ரன் பிடிக்கிறவங்களுக்கு. நகர்த்தவே முடியாதவங்களுக்கு மட்டும் நான் ஏப்ரன் போட்டுக்கிட்டு மெஷினோட மேல போறேன்."

மறுநாள் விடியலில் சரிவுப் பாதை நிறைய ஆட்கள். கட்டிலுக்கு நாலு பேர், முன்னால் இருவர் முதுகு கொடுத்துத் தாங்க, சக்கரங்கள் கிறீச்சிட்டு இறங்கின. தங்களுக்கு விடுமுறை நாளென்றாலும் கூட்டுகிற பெண்கள் இருவர் வந்திருந்தார்கள். பகல் ஷிப்ட் டெக்னீஷியன் தூக்கக் கலக்கத்தோடு வந்து தடுப்புக்குப் பின்னால் பட்டனருகே நின்றார். உடும்பு அவர் பக்கத்தில் நாற்காலியில். எழுந்தால் திட்டு விழும்.

நல்ல ஏப்ரனை மாட்டிக்கொண்டு டெக்னீஷியன் முந்தின நாள் கிழவரைப் பிடித்தாள். அவர் வழுக்கிக்கொண்டே போனார். ஒரு உடம்பு இவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அக்குள்ல கையைக் குடுங்க மேடம்!" கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உடும்பு கத்தினாள். "என்ன பிடி அது, பூவைப் பிடிக்கிற மாதிரி!"

கிழவரே சிரித்துவிட்டார். படம் கலங்கியது. மறுபடி எடுக்கவேண்டி வந்தது.

செயலாளர் வந்தபோது காத்திருப்புக் கூடத்தில் கூட்டம். அங்கே நகர்த்தி வைத்திருந்த விளக்குப் பெட்டியில் ஏப்ரன் படம் எரிந்துகொண்டிருந்தது. நோயாளிகளின் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக அதைப் பார்த்துவிட்டு, மீசைக்காரரிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் யாரையும் பார்க்காமல் நேரே போய் ஸ்விட்சை அணைத்தார். "இன்னைக்கே எல்லாருக்கும் பதில் சொல்றேன்" என்றார்.

கிழவரின் மனைவி பெஞ்சிலிருந்து முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். சுவரோரம் நடந்துபோய் ஸ்விட்சைப் போட்டாள்.

"என் வீட்டுக்காரரைத் தினமும் அந்தப் பொண்ணுதான் தூக்கிப் பிடிச்சா" என்றாள். "எரியட்டும்."