ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதையின் முதல் வடிவத்தை 1968 ஆடி மாதம், தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில், என் தட்டச்சு மெஷினில் அடித்தேன். அப்போது அது கதை இல்லை, மனு. ஒரே பக்கம். அதில் நானாகச் சேர்த்தது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தால் ஒருவர் முப்பத்தெட்டு நாள் சிறையில் இருந்தார். பிறகு பத்திரிகைகளில் பதினோரு கதைகள் எழுதிவிட்டேன். அவை யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று இப்படி: "காவிரி நுரைத்து ஓடிய ஆடிப்பெருக்கு நாளில், வெள்ளைப் புடவை உடுத்திய ஒரு பெண்…"

அடித்துவிட்டேன். வள்ளியம்மை வந்தது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. புடவை காப்பிக்கொட்டை நிறம்.

2

வள்ளியம்மைக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அம்மாப்பேட்டைப் பக்கத்து ஊர். புருஷன் இறந்து ஒன்றரை வருஷம். எட்டு வயது மகளும் மூன்று வேலி நிலமும் இருந்தன. நிலத்தைப் புருஷனின் அண்ணன் பஞ்சநதம் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் வாயால் கேட்டார். பிறகு வாய்க்கால் மடையை அடைத்தார். கடைசியில் ஒரு மத்தியானம் இரண்டு ஆட்கள் வந்து பின்கதவைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டுப் போனார்கள். எதையும் எடுக்கவில்லை.

(பஞ்சநதத்தை எழுதும்போது கை தயங்குகிறது. கொடுமைக்காரராக எழுதுவது சுலபம். ஆனால் நான் பார்த்த பஞ்சநதம் மெதுவாகப் பேசுவார். ஊர்ப் படிப்பகத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். கதவைப் பெயர்க்கச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளாக்க எனக்கு இன்னும் வரவில்லை.)

"துப்பாக்கி லைசென்சுக்கு ஒரு மனு எழுதணுங்க" என்றார் வள்ளியம்மை.

"யாருக்குப் பயந்து?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கு."

"பங்காளிச் சண்டைன்னு எழுதினா கோர்ட்டுக்குப் போகச் சொல்லித் திருப்பிடுவாங்கம்மா."

"அப்ப என்ன எழுதினாக் கிடைக்கும்?"

எனக்குத் தெரியும். புது ஆட்சி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஆபீஸ் பழைய ஆபீஸ்தான். கூலி கேட்டு வயலில் கொடி நட்ட வருஷம் அது. கூலிக்காரர்களால் ஆபத்து என்று எழுதிய மனுக்கள் மளமளவென்று நகர்ந்துகொண்டிருந்தன.

"ஆள்காரங்க மிரட்டுறாங்கன்னு எழுதணும். ஒரு பேரும் வேணும். பேர் இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

"என்னை யாரும் மிரட்டலீங்களே."

"கூலிக்காரங்க சங்கத்துல இருக்கற ஆள் யாராவது?"

"பக்கிரி இருக்கான். எங்க வயல்லதான் வேலை. நல்லவன்."

"நல்லவன்னு எழுத முடியாதும்மா."

நான் அடித்த வாக்கியம் இது: "மேற்படி கிராமம் பக்கிரி என்பவர் கூலி உயர்வு கேட்டு என் வீட்டு வாசலில் நின்று, என்னையும் என் மைனர் மகளையும் கொன்றுவிடுவதாக மிரட்டினார்." படித்துக் காட்டினேன். "மகளைச் சேக்கணுமா?" என்று கேட்டார். சேர்த்தால் வலுவாக இருக்கும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

3

ஐப்பசியில் லைசென்ஸ் வந்தது. துப்பாக்கி வாங்கப் போனபோது காகிதங்களைப் படித்துச் சொல்ல என்னையும் கூப்பிட்டார். கீழவாசலில் அப்துல் ஹமீது கடை. ஹமீது மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

"இது இரட்டைக்குழல், சீமைச் சரக்கு. உங்களுக்கு வேண்டாம், விலை அதிகம். இது முன்பக்கமா மருந்து கெட்டிக்கிறது, ரொம்ப மலிவு. ஆனா ஒரு தடவை சுட்டு மறுபடி கெட்டிக்கறதுக்குள்ள வந்தவன் காப்பி குடிச்சிட்டுப் போயிடுவான். இது ஒற்றைக்குழல், தோட்டா போடறது. இங்கயே செஞ்சது."

வள்ளியம்மை ஒற்றைக்குழலைத் தூக்கினார். தோளில் வைக்கவில்லை. கடையின் உள்வாசல் வழியாக நடந்து பார்த்தார். குழல் கதவு நிலையில் இடித்தது.

"இதைவிடக் குட்டையா இல்லீங்களா? எங்க வீட்டு நிலை குறுகல். போலீஸ்காரங்க ஒண்ணு வச்சிருப்பாங்களே."

"அதெல்லாம் சர்க்காருக்குத்தான்மா. இதையே அறுத்துக் குட்டையாக்கித் தாங்கன்னும் சிலபேர் கேக்கறாங்க. அறுத்தா ஜெயிலு. நான் செய்யறதில்ல."

"சத்தம் மட்டும் வர்ற மாதிரி ஒண்ணு இருக்குமா?"

ஹமீது சிரிக்கவில்லை. "பொண்ணு எங்க படுக்கும்?"

"பின்கதவுக்குப் பக்கத்து அறையில."

"அப்பக் கதவு திறந்தா வந்தது உங்க பொண்ணாக்கூட இருக்கும். யாருன்னு தெரியாம விசையில வெரல வைக்காதீங்க. தோட்டாவ வேற பெட்டியில வச்சுப் பூட்டுங்க."

இரண்டு வளையலை விற்ற பணம் ஒற்றைக்குழலுக்குச் சரியாக இருந்தது. துப்பாக்கி வந்த செய்தி ஊரில் பரவியதும் பஞ்சநதத்தின் ஆட்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக

4

முடியவில்லை.

தை மாதம் சம்பா அறுப்பு. கலத்துக்கு அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டு கூலிக்காரர்கள் அறுப்பை நிறுத்தினார்கள். பக்கத்து ஊரில் யாரோ ஒரு வைக்கோல்போருக்குத் தீ வைத்துவிட்டார்கள். போலீசுக்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. லைசென்ஸ் விசாரணைக்குப் போன என் மனுவின் நகல் அவர்களிடம் இருந்தது. அதில் தெளிவாக, பிழையில்லாமல், ஒரு பெயர் இருந்தது.

[அந்தக் காலத்தில் பக்கிரியை நான் 'அவன்' என்றுதான் சொன்னேன். மனுவில்தான் 'என்பவர்'. இங்கே அவர்.]

பக்கிரியின் மனைவி காத்தாயி என்னிடமே மனு எழுத வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"எங்க ஊட்டுக்காரரு யாரையும் மெரட்டலன்னு எழுதுங்கய்யா."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க. வேற என்னா இருக்கு?"

அதை அப்படியே அடித்தேன். நான் அடித்ததிலேயே மிகப் பலவீனமான மனு அது.

5

மறுநாள் பஸ் பிடித்து வள்ளியம்மை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஸ்டேஷன்ல போய் அது பொய்னு சொன்னா விட்ருவாங்களா?" என்றார்.

"விடலாம். ஆனா உங்க லைசென்ஸ் போயிடும். பொய் மனுன்னு உங்க மேலயே கேஸ் வரலாம். என் பேரும் வரும்."

கடைசி மூன்று சொற்களை நான் ஏன் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வள்ளியம்மை கதவைச் சாத்திக்கொள்கிறார். இன்னொன்றில் நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். இரண்டாவதை மூன்று தடவை திருத்தினேன், நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். நான் போகவில்லை.

வள்ளியம்மை போனார். உடனே இல்லை, மூன்று வாரம் கழித்து. துப்பாக்கியை ஜமுக்காளத்தில் சுற்றி, மகளையும் கூட்டிக்கொண்டு வில்வண்டியில் போனார். பக்கிரி மிரட்டவில்லை என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். யார் சொல்லி இந்தப் பொய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"சொன்னது நான். மனு எழுதறவரு அடிச்சாரு."

6

லைசென்ஸ் ரத்தானது. பக்கிரி வெளியே வந்த மறுநாள் வள்ளியம்மை அவர்கள் தெருவுக்குப் போனார். அதற்கு முன் அந்தத் தெருவுக்குள் அவர் போனதில்லை. அங்கே பேசியதைப் பின்னால் பக்கிரியே எனக்குச் சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேன் பக்கிரி."

"அது இருக்கட்டும்மா. அறுப்பு என்னாச்சு?"

"அப்படியே நிக்குது, கதிரு கொட்டுது. வீட்டுக்காரரோட அண்ணன் தன் ஆளை எறக்கி அறுத்துக்கப் போறாராம்."

"கலத்துக்கு அரைப்படி கூட. குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

மறுநாள் காலை பதினெட்டுப் பேர் வயலில் இறங்கினார்கள். பஞ்சநதம் குடையோடு வந்து வரப்பில் கொஞ்ச நேரம் நின்றார். பதினெட்டு அரிவாளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு அவர் கோர்ட்டுக்குப் போய், வழக்கு ஒன்பது வருஷம் நடந்து, தோற்றார்.

பக்கிரி கடைசிவரை அந்த நிலத்தில் வேலை செய்தார். ஆனால் வள்ளியம்மை வீட்டு வாசலில் ஒருநாளும் போய் நிற்கவில்லை. கூலியைக் களத்திலேயே வாங்கிக்கொண்டார்.

7

போன தையில் பக்கிரி இறந்துபோனார். விதவை உதவித்தொகைக்கு மனு எழுதக் காத்தாயி என்னைத் தேடி வந்தார். பக்கத்திலேயே மனு எழுதுகிற வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"உங்க கையால எழுதுனாத்தான்யா நடக்கும். அன்னிக்கி அவர வெளிய கொண்டாந்த கை."

இருபது வருஷமாக அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரை உள்ளே தள்ளிய வாக்கியமும் இதே கை அடித்ததுதான் என்று பக்கிரிக்கும் தெரிந்திருக்காது. மனுவை அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, இதை எழுத ஆரம்பித்தேன்.

காத்தாயி இப்போது பேராவூரணியில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் டீச்சர், இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. இந்தக் கடைசிப் பக்கத்தை அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பின் நடப்பதை எழுதமாட்டேன். அவர் என்ன சொல்வார் என்று எழுதும் உரிமை எனக்கு இல்லை. நீங்கள் நினைத்துக்கொள்வதை நான் தடுக்க முடியாது.

கீற்று முடைந்த கையைக் கழுவிவிட்டுக் காத்தாயி வந்து எதிரே உட்கார்கிறார்.

"இம்புட்டுப் பக்கமும் எங்க ஊட்டுக்காரரப் பத்தியா?"

"அவரப் பத்தியும் என்னப் பத்தியும்."

"படிங்க. மெதுவாப் படிங்கய்யா, எனக்குக் காது மந்தம்."