ராமானுஜம் சார் எத்தனை ஓம்?

புதுப்பட்டினம் கடைத்தெருவில் வண்டி ரிப்பேர் பார்க்கிற பொம்பளை நான் ஒருத்திதான். பெயர் அம்சா. என்னை நம்பி வண்டி விடுகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்து டவுன்ஷிப் ஆட்கள். தொண்ணூற்று நாலு மே மாதத்தில் அந்தப் பிழைப்புக்கே உலை வைத்தார் ராமானுஜம் சார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் பேட்டரி இல்லாத பழங்காலத்து வண்டி. மேக்னெட்டோ காயில்தான் பொறி கொடுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து வைத்து கிக்கரை உதைத்துப் பார்த்தேன். பொறி இல்லை. புது பிளக் போட்டேன், கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற பாயின்ட்டைத் தேய்த்தேன், அப்போதும் இல்லை. காயில் போய்விட்டது என்றேன். காயிலைக் கையோடு வாங்கிப் போனவர், நல்ல காயிலைக் கெட்டது என்று சொல்லி நான் ஏமாற்றுவதாக டவுன்ஷிப் முழுக்கச் சொல்லிவிட்டார். மூன்று நாள் ஒரு வண்டி வரவில்லை.

நாலாம் நாள் சாட்சிக்கு இரண்டு நண்பர்களோடும், மின்தடையை ஓம் கணக்கில் அளக்கிற மீட்டரோடும் வந்தார். காயிலின் இரண்டு முனையிலும் மீட்டர் ஊசிகளை வைத்து, நழுவாமலிருக்க இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடித்தார். கையெல்லாம் வியர்வை.

"முள் அசையறது பார். உள்ளே கம்பி அறுந்திருந்தா அசையுமா?"

சாட்சிகள் தலையாட்டினார்கள். அணுவையே ஆராய்கிறவர் அவர். நானோ எட்டாவது ஃபெயில். ஆனாலும் அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"சார், ஊசிய அப்டியே புடிச்சிகினு இருங்க. வுட்றாதீங்க."

காயிலை மட்டும் மெதுவாக உருவி எடுத்தேன். முள் அசைந்த இடத்திலேயே நின்றது.

"இப்ப இன்னாத்த சார் அளக்குறீங்க?"

ஒரு சாட்சி இருமினார். சார் முள்ளைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். வியர்வைக் கை வழியாக மீட்டர் அளந்தது அவர் உடம்பைத்தான். முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. விரல் படாமல் ஊசிகளைக் காயிலில் நானே வைத்துக் காட்டினேன். முள் செத்துக் கிடந்தது.

"உங்களுக்குள்ள கம்பி எங்கியும் அறுந்துபோவல சார். பேசாம வண்டில உங்களயே மாட்டிடட்டுமா?"

புதுக் காயில் போட்டதும் நீலமாகப் பொறி தெறித்தது. அவர் என்னைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிப் போனார். சாட்சிகள் மட்டும் என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை கடை வாசலில் டவுன்ஷிப் வண்டிகள் ஆறு. வந்த ஆறு பேரும் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்விதான்.

"அம்சா, நம்ம ராமானுஜம் எத்தனை ஓம்?"