ரயில் வராத சனிக்கிழமை

1.

வசவில் பிறந்த கதை இது. தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் செடிசோ மொக்கெலே. அந்தக் காலத்தில் கறுப்பர் கால்பந்தில் பெரிய ஸ்ட்ரைக்கர். கூட்டம் அவருக்கு வைத்த பெயர் ரயில். இறுதியாட்டத்தில் அவர் கோல் போடுவதாக எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"புளுகு மூட்டைய எங்கிட்டயே அவுக்கிறியா? அன்னைக்கு நான் ஆடவே இல்லடா," என்றார்.

2.

முதல் தொடக்கம்: 'பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு' (வேண்டாம். பந்து வரவே இல்லை.)

இரண்டாவது: 1964. ஆட்டக்காரர்களைத் தேடி லிஸ்பன் குழு ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இந்த ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் விமானம் ஏறிவிடுவார். அவருக்குப் பிடித்துப்போனால் ரயில் இந்த நாட்டைத் தாண்டிவிடுவான். அவனுக்கு வேறு வழி கிடையாது.

3.

ஆட்டத்துக்கு முன், ஜெயிக்க மந்திர மருந்து செய்யும் மருந்துக்காரர் வீட்டில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் மூலிகைப் புகையில் நின்றார்கள். வெளிச் சாமான் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பையைக் காலி செய்து எனாமல் தட்டில் போட வேண்டும், ஆட்டம் முடிந்துதான் திரும்ப எடுக்கலாம். அரசாங்கம் கொடுத்த பாஸ் புத்தகத்தையும் போட்டார்கள்.

(பாஸ் இல்லாமல் தெருவில் நின்றால் கறுப்பனுக்கு லாக்கப். அது தெரியாதவன் குழுவில் எவனும் இல்லை. ஆனால் மருந்தைச் சந்தேகித்தால் மருந்து பலிக்காதே.)

மைதானத்துக்குள் போன பிறகு ரயிலின் பூட்ஸ் கயிறு அறுந்தது. புதுக் கயிறு வாங்க வெளியே தெருமுனைக் கடைக்கு ஓடினான். போலீஸ் வண்டி வந்து நின்றது.

"அட, ரயிலா! போன வாரம் நீ போட்ட கோலுக்குக் கத்தியே என் தொண்ட போச்சுப்பா," என்றார் கறுப்புக் கான்ஸ்டபிள். "புத்தகத்தக் காட்டிட்டு ஓடு."

"மருந்துக்காரர் வீட்ல இருக்குண்ணே."

கான்ஸ்டபிள், வண்டியில் இருந்த வெள்ளைக்கார சார்ஜென்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, "ஏறுப்பா," என்றார்.

4.

லாக்கப் வரைக்கும் மைதானத்துச் சத்தம் கேட்டது. ரயில் எங்கே, ரயில் எங்கே என்று கத்தினார்கள். அப்புறம் கத்தவில்லை. அந்தச் சத்தம் நின்றதைச் சொல்லித்தான் பாவி மனுஷன் இன்றும் அழுகிறார்.

5.

முடிவு ஒன்று: கான்ஸ்டபிள் மனமிரங்கி (விட்டால் வேலை போய்விடும், அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கோல், விமானம், லிஸ்பன்

கேட்டுக்கொண்டிருந்த ரயில் கையை நீட்டித் தடுத்தார். "கோல நீயே வெச்சுக்க. கதையில யாரையாவது அனுப்பி என் புத்தகத்த மட்டும் எடுத்தாரச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

யாரை அனுப்புவேன்? ஆட்டக்காரர்கள் புத்தகமெல்லாம் அதே தட்டில் கிடக்கிறது. எவன் வெளியே வந்தாலும் அதே வண்டிதான். ஊர்க்காரர்கள் மருந்துத் தட்டைத் தொடமாட்டார்கள். நானே போகலாமே என்பீர்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்கும் பயம்.

வாசகரே, உங்களை எந்த வண்டியும் நிறுத்தாது. மருந்துக்காரர் வீட்டுக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது. தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அவன் புத்தகம். இப்போதுதான் இடைவேளை விட்டிருக்கிறார்கள். போய் எடுத்து வாருங்கள்.