பர்பாஸ்கோ கஷாயம்

தீவனக் கடைக்காரன் கொடுத்த காலண்டரில் நாளையிலிருந்து மூன்று தேதிகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. போட்டவள் நெரெய்தா. பெற்ற மகளின் மாதவிலக்கு நாட்களை அப்பன் எண்ணுவதா என்று எவோதியோ முதலில் கூசித்தான் போனார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், வேறு யார் எண்ணுவது? அந்த நாட்களில்தான் அவளுக்கு வலிப்பு வரும். போன வருடம் அடுப்பில் விழுந்து இடது கை வெந்ததும் அப்படி ஒரு வட்டத்துக்குள்தான்.

வஹாகா நகரத்து நரம்பு டாக்டர் சின்னப் பெண். ஆனாலும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"மூளை தனக்கு வேண்டிய ஒரு மருந்தைத் தானே காய்ச்சிக்கும் பெரியவரே. அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனா பயில்வானுங்க போட்டுக்கறாங்களே, அது இல்ல. நரம்பு கொதிச்சா இதுதான் அடக்கும். மாதவிலக்குக்கு முன்னாடி இது சட்டுனு வத்திடுது. உங்க பொண்ணுக்கு அப்பதான் வலிப்பு வருது. இந்த மாத்திரையைக் கொடுத்தா, இதை வச்சு மூளை மறுபடி காய்ச்சிக்கும்."

தினப்படி வலிப்பு மாத்திரையோடு, மாதத்தில் பத்து நாள் இந்தப் புது மாத்திரையும் என்று எழுதிக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? "ஒரு காலத்துல இதை உங்க பக்கத்துக் கிழங்குலேர்ந்துதான் செஞ்சாங்க, பர்பாஸ்கோ" என்றும் சொல்லி வைத்தாள்.

எவோதியோவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதினைந்து வருடம் காட்டில் அவர் தோண்டிய கிழங்கு அது. முதுகுத்தோல் உரிய உரிய மூட்டை சுமந்திருக்கிறார். சோப்புக்கு என்று சொல்லித்தான் லாரிக்காரன் வாங்கிப் போனான். ஒரு நாள் திடீரென்று வேண்டாம் என்றான், அதற்கும் காரணம் சொல்லவில்லை. அந்தப் பாடெல்லாம் தன் மகளின் மூளைக்குள்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார் மனிதர்.

ஐந்து மாதம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஆறாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. மலை சரிந்து நகரத்துப் பாதை மூடிக்கொண்டது. புது மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆயிற்று. மருந்துக்கடையோ சரிவுக்கு அந்தப் பக்கம். நடந்து தாண்டப் போன ஒருவனை மண் இழுத்துக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு. எவோதியோவுக்குப் பயம். அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.

அந்தக் காலத்தில் கூடவே தோண்டிய ஃபிதென்சியோ எதிரே வந்தான்.

"கடப்பாரையோட எங்க கிளம்பிட்டே? லாரி திரும்ப வருதா?"

"பர்பாஸ்கோ தோண்டப் போறேன். பொண்ணுக்கு மருந்து."

"சோப்புக் கிழங்கையா? வயித்துக்குள்ள துணி துவைக்கப் போறாளா உன் பொண்ணு?"

"டாக்டரே சொன்னா. உனக்கு என்னய்யா தெரியும்."

இடுப்பு வரை சேற்றோடு கிழங்கைக் கொண்டுவந்து, சீவி, நுரை பொங்கப் பொங்கக் காய்ச்சினார். கைகள் ஊறலெடுத்தன. பழைய ஊறல், அதுகூட அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நெரெய்தா கோப்பையைப் பார்த்தாள். பிறகு அப்பன் முகத்தைப் பார்த்தாள். மடமடவென்று குடித்துவிட்டாள்.

அரை மணியில் வாந்தி. சற்று முன் விழுங்கிய வலிப்பு மாத்திரை முழுசாக வெளியே விழுந்தது. சாயங்கால மாத்திரையும் தங்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று எவோதியோ இன்னொரு கோப்பை கொடுத்தார். அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல.

விடிந்து, சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஒரு வலிப்பு விட்டு மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது. மூன்றாவது நிற்கவேயில்லை. எவோதியோ கத்திய கத்தலில் ஃபிதென்சியோ ஓடி வந்தான். நாற்காலியில் அவளைக் கட்டிவைத்து இருவரும் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த முறை ஃபிதென்சியோ கேலி பேசவில்லை.

நர்ஸ் கசில்தா ஊசி போட்டாள். கை கால் வெட்டி இழுத்தது மெல்ல அடங்கியது. பிறகுதான் விசாரித்தாள், விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிழங்குக்கும் மாத்திரைக்கும் நடுவுல ஒரு ஃபாக்டரியே இருக்கு எவோதியோ. அது செய்ற வேலையை வயிறு செய்யாது. இருந்த மாத்திரையையும் வாந்தில போக விட்டுட்டீங்களே. இன்னும் ஒரே ஒரு ஊசிதான் கையில இருக்கு. வட்டம் முடிய எத்தனை நாள்?"

"இன்னியோட சேத்து மூணு."

அவள் அந்த ஊசியை உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

மத்தியானம் நெரெய்தா கண் விழித்தாள். நாக்கைக் கடித்திருந்ததில் பேச்சு குழறியது. எவோதியோ கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார். சொறிந்து சொறிந்து சிவந்த கைகளை எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான்தாம்மா உனக்கு இதைப் பண்ணிட்டேன். பச்சைக் கிழங்கு மருந்தாகாதாம். எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"நகரத்துல நீ பஸ்ஸுக்கு எடம் பிடிக்க முன்னாடி ஓடினேல்ல, அப்பவே டாக்டர்கிட்ட கேட்டேன். அப்படியே காய்ச்சிக் குடிச்சா ஆகாதுன்னு சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கும்மா குடிச்சே?"

"குடிக்கலேன்னா நீ சரிவைத் தாண்டப் போயிடுவேன்னு பயந்துட்டேன்."

போக வேண்டும் என்று எவோதியோ ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. அவர் பயந்தார், அதனால் காட்டுக்குப் போனார். அதை இவளிடம் எந்த வாயால் சொல்வது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாதை திறந்தால் மருந்துக்கடையில் காட்டலாம் என்று மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த காலி மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொப்பியை மாட்டினார்.

"எங்கப்பா போறே?"

"பஸ்ஸுக்கு எடம் பிடிக்க."

பஸ் வந்து ஒன்பது நாளாகிறது. நெரெய்தா அவர் கையைப் பிடிக்கப் பார்த்தாள். ஊசி மயக்கத்தில் அவள் கை பாதி தூரம்கூட எழவில்லை.