தெல்மாவின் எட்டாவது பழக்கூடை

எட்டாவது வாரமும் பழக்கூடை தெல்மாவுக்குத்தான் போயிற்று.

பர்ன்லி ஊரில், மெதடிஸ்ட் சபை மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எடை பார்ப்பார்கள். எடை குறைக்கும் சங்கத்தில் முப்பது பெண்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். சனவரிக் குளிரிலும் மெல்லிய பருத்திச் சட்டையோடு வந்து, வரிசையில் நிற்கும்போதே கைக்கடிகாரத்தையும் தோட்டையும் கழற்றிவிடுவார்கள். யூனிஸ் ஒருமுறை கீழ்ப்பல் செட்டையே கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். ஆளுக்கொரு பழம் கூடையில் போட வேண்டும். அந்த வாரம் அதிகம் இளைத்தவளுக்கு மொத்தக் கூடையும். எப்படியும் தனக்குத்தானே என்று யூனிஸ் வாராவாரம் நல்ல அன்னாசிப்பழமாகப் பார்த்து வாங்கி வந்தாள். எட்டு அன்னாசியும் தெல்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

"நாலு பவுண்டு! எட்டு வாரத்துல மொத்தம் முப்பத்தொண்ணு!" சங்கத்தை நடத்தும் ஷாரன் கூவினாள். "கை தட்டுங்க, கண்ணுங்களா!"

யூனிஸும் தட்டினாள், வயிறு எரிய எரிய.

எரியாமல் என்ன செய்யும்? முப்பது வருடம் இருவரும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவர்கள். ஒரே அளவு உடம்பு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருத்தி உடுப்பை மற்றவள் போட்டுக்கொண்டு போனதுண்டு. இப்போது தெல்மாவின் பாவாடை யூனிஸின் முழங்காலைத் தாண்ட மறுக்கிறது. போதாததற்குத் தெல்மாவின் மகள் ஜில்லியன் வேறு. அம்மா தட்டில் இரண்டாவது உருளைக்கிழங்கு விழுந்தால் முகத்தைச் சுளிக்கிறவள், வருடத்துக்கு நான்கு தடவை எட்டிப் பார்ப்பவள், இப்போது வாரம் இரண்டு தடவை வந்து அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போகிறாள், படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறாள். தெல்மாவுக்குப் பழக்கூடை பெரிதில்லை. மகள் வருகிறாள், அதுதான் பெரிது.

எடை பார்த்த கையோடு மீன் வறுவல் கடைக்குப் போவது இருவருக்கும் பழக்கம். அடுத்த எடைக்கு முழுசாக ஏழு நாள் இருக்கிறதே. அன்றைக்குச் சாப்பிடுவது கணக்கில் வராது. தெல்மா பெரிய மீன் ஒன்றைத் தின்று, யூனிஸ் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலையும் தின்று, ஒரு பட்டாணிக் கூழும் கொண்டுவரச் சொன்னாள்.

"இவ்வளவும் தின்னுட்டு எப்படிடி இளைக்கிற? ஊசி போட்டுக்கிறியா?" யூனிஸ் கேட்டேவிட்டாள். எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்களுக்குச் சங்கத்தில் கூடை கிடையாது.

"பொறாமைடி உனக்கு."

"ஆமா, பொறாமைதான். ஊசியா, இல்லையா?"

தெல்மா கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் போட்டாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் வினிகர் புட்டியை எடுத்தபோது கை நடுங்கி, பாதி மேசையில் கொட்டியது.

யூனிஸ் விடவில்லை. வியாழக்கிழமை கேக்கோடு தெல்மா வீட்டுக்குப் போய், கழிப்பறைக்குப் போகிற சாக்கில் அங்கிருந்த மருந்து அலமாரியைக் குடைந்தாள். இருமல் மிட்டாயைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டில் கணப்பு அணைந்திருந்தது, ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சமையலறை அலமாரிச் சாமான் முழுவதும் தரையில்.

"தூக்கமே வரலைடி. அதான் சுத்தம் பண்றேன். எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கேன் பாரேன்!" என்று தெல்மா சிரித்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யூனிஸுக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே தெல்மா முக்கால் கேக்கையும் தின்றுவிட்டாள்.

யூனிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இளைப்பு இல்லை இது, வியாதி. முப்பது பேர் எட்டு வாரமாக ஒரு வியாதிக்குக் கை தட்டியிருக்கிறோம்.

"டாக்டரைப் பாருடி. உனக்கு உடம்பு சரியில்ல."

"என் வாழ்நாள்ல இப்பத்தான் சரியா இருக்கு. நான் இளைச்சா உனக்குப் பொறுக்கலன்னு சொல்லேன்."

யூனிஸ் ஜில்லியனுக்குப் போன் போட்டாள். "அம்மாவை உற்சாகப்படுத்துங்க ஆன்ட்டி, இழுத்துப் பிடிக்காதீங்க" என்று பதில் வந்தது. யாரிடம் சொன்னாலும் பொறாமை என்பார்கள். போன செவ்வாய் வரைக்கும் அது பொய்யும் இல்லை. சரி, அந்தப் பொறாமையையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு கட்டினாள் யூனிஸ். உடம்புக்கு என்றால் தெல்மா நகரமாட்டாள். மானத்துக்கு என்றால் ஓடுவாள்.

அடுத்த செவ்வாய் ஷாரன் ஒன்பதாவது கூடையைத் தூக்கியதும் யூனிஸ் எழுந்தாள். "அவ ஊசி போடுறா. எனக்குத் தெரியும். இல்லன்னா டாக்டர்கிட்டப் போய் ரத்தம் கொடுத்து நிரூபிக்கச் சொல்லுங்க. நான் சொன்னது பொய்யின்னா இதே இடத்துல மன்னிப்புக் கேக்கறேன்."

மண்டபம் கொதித்தது. "வெக்கமா இல்லையா உனக்கு?" என்று யாரோ கத்தினார்கள். தெல்மா முகம் சிவந்து, கூடையைக்கூட எடுக்காமல், நேரே டாக்டரிடம் போனாள்.

இரண்டு வாரம் கழித்துத் தெல்மா வந்தாள். முன்னால் நின்று, "டாக்டர் பாத்துட்டாரு. ஊசி கீசி ஒண்ணும் கிடையாது" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது முகமும் யூனிஸ் பக்கம் திரும்பின. அந்த மண்டபம் இத்தனை சந்தோஷப்பட்டு யூனிஸ் பார்த்ததே இல்லை. எழுந்து, "பொறாமையில பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிரு தெல்மா" என்றாள். தெல்மா கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள், பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை.

வாசலில் யூனிஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தைராய்டாம். மாத்திரை கொடுத்திருக்காரு. ரத்தத்துல ஊசி தெரியுமான்னு கேட்டேன், அவரு நடுங்குற என் கையைத்தான் பாத்தாரு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா இதயமே நின்னிருக்குமாம்." கைப்பையைத் திறந்து மூடினாள். "எடை திரும்ப ஏறுமாம்டி. ஜில்லியன்கிட்டச் சொன்னேன். இந்த வாரம் வர நேரமில்லையாம்."

"தெல்மா..."

"ரெண்டு மாசம்! அதுக்குள்ள இன்னும் முப்பது பவுண்டு இறங்கியிருக்கும்."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று யூனிஸ் முகத்தைப் பார்த்தாள். இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. யூனிஸ் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ குண்டா இருந்தாப் போதும்டி எனக்கு."

"அது எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்" என்றாள் தெல்மா.